இழுத்துப் பார்க்கிற வேலை

என்ன வேலை செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "குவாலிட்டி" என்பேன். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். கோலா கெடாவில் ஒரு கல்யாணப் பந்தியில் மட்டும் என் வீட்டுக்காரரின் சித்தப்பா விடவில்லை. "குவாலிட்டின்னா அங்க என்னாதாம்மா செய்வ?" என்றார். ஒயரை இழுத்துப் பார்ப்பேன் என்றேன். "பாத்துட்டு?" அடுத்த ஒயரை இழுத்துப் பார்ப்பேன் என்றேன்.  அவர் ரசம் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையிலேயே பன்னிரண்டு வருடமாக நான் செய்தது அதைத்தான். மலேசியாவின் வடகோடியில், ஜித்ராவுக்கு வெளியே, வயலை ஒட்டித் தகரக் கூரையோடு நிற்கிறது எங்கள் தொழிற்சாலை. துணி துவைக்கும் மெஷினுக்குள்ளே கொத்துக்கொத்தாக ஒயர் ஓடுமே, அந்தக் கொத்தைக் கட்டித் தருகிறவர்கள் நாங்கள். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் விரல்நகம் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு இருக்கும், டெர்மினல் என்போம். ஒயரை அதில் வைத்து, பிரஸ் மெஷின் 'டக்' என்று ஓர் அடி அடித்தால் தகடு மடிந்து ஒயரைக் கவ்விக்கொள்ளும். ஒழுங்காகக் கவ்வியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இந்த வேலை கையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் மின்விசிறி ஒயரை இழுப்பேன், கேஸ் குழாயை இழுப்பேன், கோயிலில் சீரியல் லைட் கட்டியிருந்தால் யாரும் பார்க்காதபோது அதையும் ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவேன். "நீ கல்யாணத்தன்னிக்கே தாலிய இழுத்துப் பாத்தவதான லா" என்பார் என் வீட்டுக்காரர். அது பொய். மறுநாள்தான் இழுத்துப் பார்த்தேன்.

டெர்மினலில் இரண்டு மடிப்பு உண்டு. இதைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வம்பெல்லாம் இந்த இரண்டு மடிப்பிலிருந்துதான் கிளம்பியது. ஒயரின் நுனியில் பிளாஸ்டிக் உறையைச் சீவி எடுத்திருப்பார்கள். உள்ளிருக்கும் செம்பு இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்மடிப்பு அந்தச் செம்பைப் பிடிக்கும். மின்சாரம் போவது அந்த வழியாகத்தான். பின்மடிப்பு உறையைப் பிடிக்கும். அதில் மின்சாரம் போகாது. யாராவது ஒயரை இழுத்தாலோ மெஷின் குலுங்கினாலோ அந்த இழுப்பையும் குலுக்கலையும் தான் வாங்கிக்கொண்டு, செம்பு நோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. முன்மடிப்பு சம்பாதிக்கிற பிள்ளை, பின்மடிப்பு குடும்பத்தைத் தாங்குகிற பிள்ளை என்று நாங்கள் கேண்டீனில் கிண்டல் செய்வோம்.

என் மேசையில் ஓர் இழுவை மெஷின் இருந்தது. ஒரு பக்கம் டெர்மினலை மாட்டி, மறுபக்கம் ஒயரைச் சுற்றி, கைப்பிடியைத் திருப்பினால் எவ்வளவு பலத்துக்குத் தாங்குகிறது என்று முள் காட்டும். எதிரே சுவரில் செய்முறைத் தாள் தொங்கியது. அதில் படம் போட்டே சொல்லியிருந்தார்கள்: இழுப்பதற்கு முன்னால் பின்மடிப்பைக் குறட்டால் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் முன்மடிப்பு தனியாக எவ்வளவு தாங்குகிறது என்று தெரியும். பின்மடிப்பை மூடிவைத்துக்கொண்டே இழுத்தால் இரண்டும் சேர்ந்து தாங்கும், முள் எகிறும், ஆனால் செம்பைப் பிடித்திருப்பது உறுதியா என்பது கடைசிவரைக்கும் தெரியாது.

நாங்கள் யாரும் திறக்கவில்லை. நான் மட்டும் இல்லை, மூன்று லைனில் இழுக்கிற மூன்று பேரும் திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் மூக்குக் குறட்டால் திறப்பது பெரிய சுசா, அத்தனை தொல்லை. நகம் பிய்யும், தகடு குத்தும், அதற்குள் அடுத்த தட்டு வந்து நிற்கும். அதோடு செய்முறைத் தாளில் சரியாக அந்தப் படத்தின் மேலே யாரோ அந்த மாதத்துப் பிறந்தநாள்காரர்களின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். பட்டியல் மாதாமாதம் மாறும். படம் மட்டும் வெளியே வராது. அதை ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி.

மூடிவைத்தே இழுத்ததால் என் எண்கள் அமோகமாக இருந்தன. முள் எப்போதும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கும். மேனேஜர் கூட்டத்தில் எங்கள் லைனை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார். கேக் வெட்டினோம். 'குறையே இல்லாத லைன்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நான் பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டியிருக்கிறேன். வெட்கம்தான், ஆனால் நடந்தது.

அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஒன்பது வயது பெரியவர், பெண்டாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து எங்கள் பெக்டரி பஸ்ஸில் வருவார், எங்கள் லைனின் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவர். அவர் அடிப்பதைத்தான் நான் இழுப்பேன். பதினோரு வருடம் காண்டிராக்டில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள், ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருஷம் நிரந்தரம்" என்பார்கள், அவரும் ஒவ்வொரு வருடமும் நம்புவார். நான் சொல்லும் அந்த வருடம் உண்மையிலேயே அவர் பெயர் பட்டியலில் இருந்தது. மேனேஜரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

நிரந்தரமானால் பெக்டரி கிளினிக் கார்டு கிடைக்கும், கணவருக்கும் சேர்த்து. அவர் கணவருக்குச் சர்க்கரை; இடது காலில் ஆறாத புண் ஒன்று. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் நம்பர் எடுத்தால் மத்தியானம்தான் கூப்பிடுவார்கள், அதற்கு அக்கா லீவு போட வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கு லீவு போட்டால் கெட்ட பெயர். "கார்டு வந்திடுச்சின்னா ஜித்ரா கிளினிக்லயே காட்டிக்கலாம் லா, சனிக்கிழமைகூட தொறந்திருக்கான்" என்று பஸ்ஸில் தினமும் சொல்லுவார். அந்தக் கார்டு எந்த நிறம் என்றுகூட விசாரித்து வைத்திருந்தார். பச்சை.

அக்கா எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையை மரண அறிவித்தல் முதல் ராசிபலன் வரைக்கும் பஸ்ஸுக்கே கேட்கும்படி படிப்பார். மலாய் பேசுவார், தட்டுத்தடுமாறிப் படிப்பார். ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆகவே அவர் வீட்டுக்கு வருகிற ஆஸ்பத்திரிக் கடிதம், பேத்தியின் பள்ளிக் கடிதம், போனில் வருகிற குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் வாசகி நான்தான். பையிலிருந்து எடுத்து நீட்டுவார், நான் படித்துத் தமிழில் சொல்லுவேன், "அவ்ளோதானா, இதுக்கா இவ்ளோ பெரிய கடுதாசி?" என்று மடித்து வைத்துக்கொள்வார். பதிலுக்கு எனக்குப் புளிச்சோறு வரும். நான் படித்ததை அவர் ஒருநாளும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, டீ நேரத்துக்குச் சற்று முன்னால், என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, மெஷின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு. கேட்டியா?"

"எனக்கு ஒன்னும் கேக்கலியேக்கா."

"முன்னல்லாம் டக்குன்னு அடிக்கும். இப்ப டொக்குங்குது. தகட்ட மடிக்கிற அச்சு தேஞ்சிருக்கும் போல. எதுக்கும் பாத்திடேன்."

பார்த்தேன். அவர் அடித்ததில் மூன்றை எடுத்து, பின்மடிப்பைத் தொடாமல், மெஷினில் மாட்டி இழுத்தேன். முள் ஜம்மென்று சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது. "அருமையா இருக்குக்கா. உங்களுக்குத்தான் காதுல கோளாறு" என்றேன். பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

புதன்கிழமை மறுபடி வந்தார். மறுபடி இழுத்தேன், மறுபடி அருமை. அடுத்த வாரமும் ஒருமுறை கேட்டார். அப்போது நான் கொஞ்சம் எரிச்சலாகவே, "அக்கா, முள்ளு சொல்றத நம்புவீங்களா, உங்க காது சொல்றத நம்புவீங்களா?" என்றேன். "நீ சொன்னா சரிதான் லா" என்று போய்விட்டார். சூப்பர்வைசரிடம் அவர் போகவில்லை. ஏன் போக வேண்டும்? எங்கள் லைனில் குறை பார்க்க உட்கார்ந்திருப்பவள் நான். என்னிடம் சொன்னால் சொன்ன மாதிரிதான். விதியும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நாங்கள் அனுப்பிய பெட்டிகள் சில வாரங்களில் திரும்பி வந்தன. துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனியிலிருந்து படங்களும் அனுப்பியிருந்தார்கள். ஒயர் ஒன்றுகூடக் கழன்று விழவில்லை. அதுதான் வேடிக்கை. பின்மடிப்பு உறையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வெளியே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி ஜோராக இருந்தது. உள்ளே முன்மடிப்பில் செம்பு மட்டும் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆடி ஆடிச் சூடேறி, பக்கத்துப் பிளாஸ்டிக் எல்லாம் பழுப்பாகிக் கருகியிருந்தது. நல்லவேளை, அவர்களுடைய சோதனை அறையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். யார் வீட்டுக்கும் போகவில்லை.

அன்று நான் மூக்குக் குறட்டைத் தேடினேன். இழுப்பறைக்கு அடியில், பிறந்தநாள் மெழுகுவர்த்திகளோடு கிடந்தது. திரும்பி வந்த ஒன்றில் பின்மடிப்பை மெதுவாகத் திறந்து, மெஷினில் மாட்டி, கைப்பிடியைத் திருப்பினேன். முள் எழுந்திருக்கவே சோம்பல்பட்டது. அதற்குள் செம்பு, ஊறவைத்த கடலையின் தோல் கழல்வதுபோல, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இன்னொன்று. அதுவும்.  பன்னிரண்டு வருடமாக நான் இழுத்துப் பார்த்தது பின்மடிப்பைத்தான். அது தாங்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தாங்குவதற்குத்தானே அதை வைத்திருக்கிறார்கள்!

மேனேஜரிடம் ஓடினேன். அதுவரைக்கும் நான் ஒழுங்கானவள்தான், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவர் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார், தமிழ் தெரியாது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "உன் லைன் மட்டுமா, எல்லா லைனுமா?" என்று கேட்டார். எல்லா லைனும் என்றேன். "எத்தனை நாளா?" எப்போதுமே என்றேன். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர் போத்தலைத் திறந்து பாதி குடித்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்தது: எல்லா லைனும் என்றால் எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுக்க வேண்டும். பிறகு சாந்தமாகச் சொன்னார். நாளையிலிருந்து எல்லாரும் திறந்து இழுங்கள். நேற்றுவரைக்கும் என்ன நடந்தது என்பதைப் பற்றிப் பேச வேண்டாம். கடைசியாக, "உன் பெயரை டிரெய்னர் வேலைக்கு எழுதியிருக்கிறேன், தெரியும்தானே?" என்றார்.

தெரியாது. அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் கூட்டம். வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவர்களுக்குக் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். அதில் 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டிருக்கும். ஒவ்வொரு ஏனுக்கும் ஒரு கட்டம். எங்கள் எஞ்சினியர் ஜித்ராவிலேயே வளர்ந்த மலாய்க்காரப் பெண், படிப்பு முடித்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்து எழுதினாள். பிளாஸ்டிக் ஏன் கருகியது? செம்பு ஆடியதால். செம்பு ஏன் ஆடியது? முன்மடிப்பு தளர்ந்ததால். ஏன் தளர்ந்தது? அச்சு தேய்ந்ததால். தேய்ந்த அச்சை ஏன் மாற்றவில்லை? தேய்ந்தது தெரியாததால்.

"ஏன் தெரியவில்லை?" என்று ஐந்தாவது கட்டத்துக்கு வந்தாள். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "மெஷின் ஓட்டுகிறவர் யாரிடமாவது சொன்னாரா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். பெக்டரியில் கொடுத்த நீலச் சப்பாத்து, இடதுகால் லேஸ் நைந்திருந்தது. அதைப் பற்றி நான் மிகுந்த அக்கறையோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, "சொல்லவில்லை என்று எழுது" என்று மேனேஜரின் குரல் கேட்டது. அவள் எழுதினாள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்! ஒரே ஆள், ஒரே மெஷின், சில வாரங்கள். எல்லாருக்கும் சௌகரியம். அச்சு தேய்ந்தும் இழுவைச் சோதனை ஏன் பாஸானது என்று ஆறாவதாக ஓர் ஏன் கேட்டிருந்தால் நேரே என் மேசைக்கு வந்திருக்கும். ஆறாவது ஏனுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மெஷின் ஓட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அக்காவை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும். அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், தாளைப் பார்த்தார், சிரித்தார், கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தாளை நீட்டினார்.

"பூராவும் இங்கிலீஷ்ல இருக்கு. என்னா லா எழுதியிருக்கு?"

"மெஷின் பிராப்ளம் பத்திக்கா. அச்சு தேஞ்சிடுச்சின்னு."

"அது சரி. நான் சத்தம் மாறினத சொன்னேனே, அது இருக்கா? அத போட்டாத்தானே என்மேல தப்பு வராது."

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. எஞ்சினியர் பெண்ணுக்கும் புரியவில்லை. அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் தமிழ். நான் ஐந்தாவது கட்டத்தைப் பார்த்தேன். மெஷின் இயக்குபவர் கோளாறு பற்றி யாருக்கும் தெரிவிக்கவில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"இருக்குக்கா," என்றேன். "அதுவும் போட்டிருக்காங்க."

"அப்ப சரி."

அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். அப்பா பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு தன் பெயர், பள்ளியில் எழுதியதுபோல ஒவ்வொரு எழுத்தாக. அந்த ஆங்கிலத் தாள் முழுவதிலும் அது ஒன்றுதான் தமிழ். பேனாவை என்னிடம்தான் வாங்கினார், என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எங்கள் பெக்டரி விதிமுறைகளில் மகா கெட்டி; கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு நகல் தர வேண்டும். கொடுத்தார்கள். அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நிரந்தரப் பட்டியல் அந்த மாதக் கடைசியில் ஒட்டப்பட்டது. அவர் பெயர் இல்லை. அதோடு காண்டிராக்டையும் புதுப்பிக்கவில்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம்கூட இல்லை, குழப்பம்தான். "சொன்னேன்னு எழுதியும் இப்பிடி பண்ணிட்டாங்களே லா" என்று பஸ்ஸில் மூன்று நாள் சொல்லிக்கொண்டே வந்தார். "நீ ஆபீஸ்ல நல்லா பேசுவியே, ஒரு வார்த்த கேட்டுப் பாரேன் தங்கச்சி." கேட்கிறேன்க்கா என்றேன். மறுநாள் "கேட்டியா?" என்றார். மேனேஜர் பினாங்குக்குப் போயிருக்கிறார் என்றேன். பாவம், அந்த மேனேஜரை நான் அந்த வாரம் முழுவதும் பினாங்கிலேயே வைத்திருந்தேன்.

கடைசி நாளன்று எல்லாரிடமும் கைகொடுத்துவிட்டு, என்னை மட்டும் கட்டிப்பிடித்தார். எனக்கு உடம்பு கூசியது. அழுதேன். அக்காவைப் பிரிகிற துக்கம் என்று லைன் முழுக்க நினைத்தது. என்னைத் தேற்ற இரண்டு பேர் கேக் வாங்கிவந்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

நான் டிரெய்னரானேன். நல்ல டிரெய்னர்தான், பெருமைக்குச் சொல்லவில்லை. புதிதாகச் சேருகிற மலாய்ப் பெண்கள், நம்முடைய பெண்கள், நேப்பாளத்து ஆட்கள் எல்லாருக்கும் முதல் பாடமே பின்மடிப்பைத் திறப்பதுதான். "வெளிய கெட்டியா இருக்கறத பாத்து ஏமாறாதீங்க, உள்ள புடிச்சிருக்கான்னு பாருங்க" என்று கண்ணை உருட்டிச் சொல்வேன். ஒரு தடவை அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். புழுதி என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். பிறந்தநாள் பட்டியலை வாசல்பக்கம் மாற்றி ஒட்டச் சொன்னேன். முள் இப்போதெல்லாம் சிவப்புக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. எண்கள் அழகில்லை, ஆனால் உண்மை.

எனக்கு இருந்த ஒரே பயம் அந்த நகல். நாலாக மடித்த தாள் பெண்டாங்கில் ஒரு வீட்டில், ஏதோ ஒரு பீரோவில், ஆங்கிலம் தெரியாத ஒருவரின் பொறுப்பில் இருந்தது. வீட்டுக்கு யாராவது ஆங்கிலம் படித்த ஆள் வந்து, வேறு எதையோ தேடப்போய், அதை எடுத்துப் படித்தால் தீர்ந்தது. அக்கா இரண்டு மூன்று முறை போன் செய்தார், எடுத்துப் பேசினேன், நலம் விசாரித்தேன். பொங்கலுக்குப் பிறகு போன் வரவில்லை. வேலையாக இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் சமாதானங்களுக்கு என்னைவிட நல்ல வாடிக்கையாளர் யாருமில்லை.

சில மாதங்கள் போயின. அதே வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். என் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள், குறிப்பெடுத்தார்கள், மேனேஜருக்குப் பூரிப்பு. மத்தியானம் ஜித்ரா டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்கு அழைத்துப் போனோம். வந்தவர்களில் ஒருவர் மெட்ராஸ் பக்கமெல்லாம் போய் வந்தவர். தோசை வேண்டும் என்றார். "நீதான் தமிழ், நல்லதாகச் சொல்லி வாங்கு" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து தோசைக்கல் இருந்த பக்கம் போனேன்.

அக்கா நின்றுகொண்டிருந்தார். தலையில் வலை, இடுப்பில் துணி, கையில் கரண்டி. கொஞ்சம் பூசினாற்போல இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வா," என்றார். "என்னா போடட்டும்? நெய்யா, சாதாவா?"

"அக்கா... எப்பயிருந்துக்கா இங்க?"

"ஆறு மாசமாச்சி. கடைக்கார பாய் நல்ல மனுஷன். சம்பளமும் பெக்டரியவிட கூடத்தான். சாப்பாடு வேற."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் அப்படித்தான் இருந்தது. நல்லதாகத்தானே போயிற்று என்று மனம் அதற்குள் கணக்கை மூடப் பார்த்தது.

"அண்ணன் எப்பிடிக்கா இருக்காங்க?"

"கால்ல ஒரு வெரல எடுத்துட்டாங்க. இப்ப கம்பு வச்சி நடக்கிறாரு." மாவை எடுத்துக் கல்லின் நடுவில் ஊற்றினார், வட்டமாக இழுத்தார். "லேட்டா வந்திட்டீங்கன்னு சொன்னான் டாக்டர். எங்க? அப்ப நான் வேல தேடி அலைஞ்சிக்கிட்டிருந்தேன்."

கார்டு இருந்திருந்தாலும் எடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

"பொங்கலுக்கு சின்ன மருமக கோலாலம்பூர்லேர்ந்து வந்திருந்தா," என்றார். கரண்டியால் தோசையின் ஓரத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரி பேப்பர தேடப்போயி அந்தப் பேப்பர எடுத்துட்டா. எனக்கு ரெண்டு தடவ படிச்சிக் காட்டினா. நான் நம்பல. மூணாவது தடவையும் படிக்கச் சொன்னேன்."

 இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. மேனேஜர் சொன்னது, எல்லா லைனும் மாட்டியிருக்கும் என்பது, ஐந்து கட்டம்தான் இருந்தது என்பது.

"அக்கா, அந்தப் பேப்பர நான் எழுதலக்கா. அவங்களே இங்கிலீஷ்ல எழுதி வச்சிட்டாங்க. நான் வந்து பாக்கும்போது..."

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதேம்மா," என்றார், தோசையை மடித்துத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளியபடி. "நீ எனக்கு தமிழ்லதானே சொன்ன."